ரேட்டி ஓப்பனிங்ல சென்டர யாரும் விட்டுக்கொடுக்கல

செஸ்ல ரேட்டி ஓப்பனிங்னாலே (ஒயிட் ஆட்டத்த ஆரம்பிக்கிற ஒரு முறை) போர்டோட நடுக் கட்டங்கள, அதாவது சென்டர, எதிராளிக்குக் குடுத்துட்டு ஓரமா ஒதுங்கிக்கிற ஆட்டம்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது கொஞ்சம்கூட ஒப்பாது. நாம ஒயிட், முதல்ல குதிரை எஃப்3 (எழுத்தும் நம்பரும் காய் போய் நிக்கிற கட்டம், காய் பேர் சொல்லலன்னா சிப்பாய்), பிளாக் டி5 போட்டா உடனே நம்ம சி4, அந்த சிப்பாய் நின்ன மறு நிமிஷமே பக்கத்துலேர்ந்து இடி விழுது, அப்புறம் ஜி3 போட்டு பிஷப் ஜி2 வந்தா டி5 மேல இன்னொரு அழுத்தம், பல நேரம் பி3 போட்டு அடுத்த பிஷப்பும் பி2 வந்துரும். இவ்ளோ நடந்தும் நம்ம டி, இ சிப்பாய் ரெண்டும் எடத்த விட்டு அசையவே இல்ல. எதிராளி எங்க நிக்கப்போறான்னு காட்டட்டும், நம்மளோடத அப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா அந்த 'அப்புறம்', அதாவது நம்ம சிப்பாய டி4ன்னு சென்டருக்குத் தள்ற நேரம், வந்தே ஆகணும், அதத்தான் மறந்துடுறாங்க.

1924 நியூயார்க் டோர்னமென்ட்ல இந்த ஓப்பனிங்குக்குப் பேர் குடுத்த ரிச்சர்ட் ரேட்டி ஒயிட்டா ஆடுன ரெண்டு கேம போர்டுல வெச்சுப் பாருங்க. ஒண்ணு கபாபிளாங்காவோட, அப்ப உலக சாம்பியன், 1916க்கு அப்புறம் தோல்வியே பாக்காத மனுஷன். ரேட்டி 8வது மூவ்ல டி3 மட்டும் வெச்சுட்டு பொறுமையா காய அடுக்குறாரு, பிளாக் இ5, சி5ன்னு தள்ளி முடிச்சதும் 16வது மூவ்ல டி4 அடிக்கிறாரு பாருங்க, சென்டர் தொறந்துடுச்சு, 23ல ரூக் நேரா டி6 சிப்பாய எடுக்குது, 31ல கபாபிளாங்கா தோல்விய ஒத்துக்கிட்டு ரிசைன். இன்னொண்ணு பொகோல்யுபோவ்ங்கிற இன்னொரு பெரிய ஆட்டக்காரரோட, அங்க டி4 8வது மூவ்லயே வந்துடுச்சு, பின்னாடி இ4ம் வந்துச்சு, 25 மூவ்ல கேம் முடிஞ்சு அழகான ஆட்டத்துக்குக் குடுக்குற பிரில்லியன்சி பரிசும் வாங்குச்சு (அந்தக் கடைசி மூவ், பிஷப் இ8, அவ்ளோ அழகு). ஒரே ஆளு, ஒரே டோர்னமென்ட், டி4க்கு நேரம் மட்டும் வேற வேற. இந்த ஓப்பனிங் ஃப்ளெக்ஸிபிள்னு சொல்றது இதத்தான்.

பிளாக் டி5 சிப்பாயால நம்ம சி4 சிப்பாய வெட்டுனா பயமே இல்ல, இ3, இல்லனா ராணி ஏ4 செக், சிப்பாய் பெரும்பாலும் திரும்ப வந்துரும். பிளாக்கோட பதில்ல நான் மதிக்கிறது ரெண்டாவது மூவ்லயே டி5 சிப்பாய டி4ன்னு தள்ளி எடம் புடிக்கிறதுதான், அங்க தூங்கிட்டா நம்ம காய்ங்க மூச்சு முட்டும், அதனால இ3 போட்டு அந்த சிப்பாய ஒடனே கேள்வி கேக்கணும், கொஞ்சம் துணிச்சல் இருந்தா பி4, அதுக்கு சி5ன்னு முட்டுக் குடுக்குறது பிளாக்குக்கு அவ்ளோ சுலபமில்ல.