டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கம்

எங்கள் பையன் பிறந்தது 31 வாரத்தில், 1,380 கிராம். என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், 23 நாள், அதில் ஒன்பது நாள் ஆக்சிஜன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்: பால் எத்தனை மில்லி, நெஞ்சோடு எப்படி அணைத்து வைப்பது, தடுப்பூசி எப்போது. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 27ஆம் நாள், விட்டமின் எத்தனை சொட்டு என்று பார்க்க டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினேன். மூன்றாம் பக்கம், கையெழுத்துக்கு மேலே, 'ஆர்ஓபி ஸ்க்ரீனிங் அட்வைஸ்ட்'. ஆர்ஓபி என்பது குறைமாதக் குழந்தைக்கு வரும் விழித்திரை நோய்; அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி. தேதியும் இல்லை, எங்கே என்றும் இல்லை.

ஃபோன் செய்தேன். "அது கண் டாக்டர்மா, செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாரு, அடுத்த வாரம் வாங்க." அன்றைக்குப் புதன். அடுத்த செவ்வாய் என்றால் 33ஆம் நாள். படித்துப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடலாம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முந்தி என்றால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. 1996ல் சென்னையில் பிறந்த ஒரு குழந்தைக்கு இதைப் பார்க்காமல் விட்டதற்குத்தான் 2015ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வீட்டில் அத்தை ஒரே பிடி. "முப்பது நாள் கழியல, பச்ச மண்ண பஸ்ல தூக்கிட்டுப் போறியா? கண்ணு நல்லா முழிச்சுத்தானே பாக்குது?" வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சியே.

வியாழன் உள்ளூர்க் கண் ஆஸ்பத்திரி. ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "இதை ரெட்டினா டாக்டர்தான் பாக்கணும், மதுரை போங்க" என்றார்கள். கிளம்புவதற்கு முன் 'குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பார்க்கிறவர் இருக்காரா' என்று கேட்டிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

வெள்ளி, மதுரை. பஸ் இறங்கியதும் பசியாற்றிவிட்டேன். அது தப்பு. வாந்தி எடுத்துப் புரையேறும் என்று ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து, கண்ணின் கருமணி விரிகிறவரை. துண்டில் இறுகச் சுற்றி, சின்னக் கம்பியால் இமையைப் பிரித்துப் பிடித்துப் பார்த்தார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு அழுகையை மறைக்கவில்லை. இமை மறுநாள் வரை வீங்கித்தான் இருந்தது. பயப்பட வேண்டாம்.

இரண்டு கண்ணிலும் ஸ்டேஜ் 2. "இப்ப லேசர் வேண்டாம். ஆனா அடுத்த வெள்ளி கட்டாயம் வரணும். கூடிருச்சுன்னா ரெண்டு நாளுக்குள்ள லேசர் பண்ணணும்."

இடையில் பேர் வைத்துவிட்டோம். இரண்டாம் முறை கவுண்டரில் என் வீட்டுக்காரர் ஆசையாகப் புதுப் பேரைச் சொல்ல, புது ஃபைல் போட்டுவிட்டார்கள். "போன வாரம் என்ன இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய ஃபைல் 'பேபி ஆஃப்' என்று என் பேரில் கீழே கிடந்தது. தேடி எடுக்க முக்கால் மணி நேரம். எல்லாம் முடிகிற வரை பழைய பேரையே சொல்லுங்கள், முதல் சீட்டை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

ஆறு தடவை போனோம். நான்காவதில் குறைய ஆரம்பித்தது. ஆறாவதில், "ரத்தக்குழாய் கடைசி வரை வளந்துருச்சு" என்றார். அந்த முறை அத்தையும் வந்திருந்தார். கண்ணாடி தேவைப்படுமா என்று பார்க்க ஒரு வயதில் வரச் சொன்னதை அவர்தான் காலண்டரில் குறித்து வைத்தார்.

தடுப்பூசிக்குப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த வரியை முதல் பக்கத்தில், தேதியோடு போடக் கூடாதா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஃபார்மட்டே அப்படித்தாம்மா."