அந்த 15 சதவீதம்

“சார், குடுக்குறத எல்லாம் வாங்கிக்கட்டுமா, இல்ல இது போதும்னு நிறுத்திக்கட்டுமா?”

2020 ஆகஸ்டில் நகைக்கடன் கவுன்ட்டரில் அந்த அம்மா கேட்டது இது. “அது உங்க இஷ்டம்மா” என்றேன். முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டு போனார். வங்கி ஊழியன் சொல்ல வேண்டிய பதில் அதுதான். யார் எவ்வளவு கடன் வாங்க வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை.

அவர் வீட்டுக்காரர் தவில் வாசிப்பவர். கும்பகோணம் பக்கம் சித்திரை, வைகாசியில் வருகிற காசில்தான் அந்தக் குடும்பங்களுக்கு வருஷம் ஓடும். அந்த வருஷம் கொரோனாவால் கோயில் திருவிழா இல்லை. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது. அந்த 50-இல் மேளக்காரர்களைச் சேர்க்க யாருக்கு மனம் வரும்? செல்போனில் கெட்டிமேளம் போட்டுத் தாலி கட்டினார்கள். இத்தனைக்கும் டெல்டாவுக்கு அது நல்ல வருஷம். எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள், குறுவை நன்றாக விளைந்தது. டெல்டா தப்பித்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். வயல் தப்பித்தது உண்மைதான். விளைந்த காசு கல்யாணமாகவும் திருவிழாவாகவும் செலவாகும்போது பிழைக்கிற மேளக்காரர், சமையல்காரர், பந்தல்காரர் வீட்டுப் பெண்கள்தான் எங்கள் கிளையில் நகையோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த அம்மா கொண்டுவந்தது ஓர் ஆரம். அது போதாது என்று கையில் கிடந்த இரண்டு வளையலையும் வைக்க நினைத்தார். கழலவில்லை. கவுன்ட்டரில் இருந்த சானிடைசரை ஊற்றித் தேய்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே உருவினார். மணிக்கட்டு சிவந்துவிட்டது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அழுக்குக்கும் கல்லுக்கும் கழித்து, நிகரம் 40 கிராம் என்றார். 5 பவுன்.

அதற்குச் சில நாள் முன்புதான், ஆகஸ்ட் 6-ஆம் தேதி, விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. 2021 மார்ச் 31 வரை அந்தச் சலுகை. பவுன் 43,000 ரூபாயைத் தாண்டிய நேரம். வங்கி மதிப்பிடும்போது எடுத்துக்கொள்ளும் சராசரி விலை 40,000 என்று வைத்தால் 5 பவுனுக்கு 2 லட்சம். பழைய விதிப்படி 1,50,000. புதிய விதிப்படி 1,80,000. நடுவில் இருந்த 30,000 ரூபாயைப் பற்றித்தான் அவர் என்னிடம் கேட்டார்.

2021 மார்ச்சில் பவுன் 34,000-க்குக் கீழே இறங்கியது. 5 பவுனின் விலை 1,70,000-கூட இல்லை. 1,50,000 மட்டும் வாங்கியிருந்தால் வட்டியோடு சேர்த்தும் நகை கடனைத் தாங்கியிருக்கும். 1,80,000-ஐத் தாங்கவில்லை. அடுத்த முகூர்த்தக் காலத்தை மே மாத ஊரடங்கு தின்றுவிட்டது. போன் செய்தோம், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம், 2022 தொடக்கத்தில் நகை ஏலத்துக்குப் போனது. எதிலும் விதி மீறல் இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கிராமுக்குக் கொடுப்பது குறைவு என்றுதான் அவர் எங்களிடம் வந்தார். 2021 மார்ச் 31 வரை கூட்டுறவில் 40 கிராம் வரை வைத்தவர்களில் தகுதி உள்ளவர்களின் கடனை அரசு தள்ளுபடி செய்தது. சரியாக 40 கிராம்! ஆனால் 2020 ஆகஸ்டில் இதை யார் கண்டது? விலை இறங்கும் என்றுதான் யார் கண்டது? இறங்கும் என்று நான் சொல்லி, ஏறியிருந்தால்?

அன்றைக்கு அவருக்கு அந்த 30,000 தேவையாக இருந்தது. நான் தடுத்திருந்தால் வெளியில் வட்டிக்கு வாங்கியிருப்பார். இந்தச் சமாதானத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது யோசனை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று நம்பிக் கேட்டார். நான் கேள்வியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2025 அக்டோபரில் பவுன் 90,000 தாண்டியது. அன்றைய விலையில் அந்த 5 பவுனைத் திரும்ப வாங்க நாலரை லட்சம் வேண்டியிருந்தது. கொரோனா முடிந்துபோன கதை என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். தொழில் திரும்பி வந்தது. திருவிழாக்கள் பழையபடி நடக்கின்றன. நகை திரும்பவில்லை. பையன் தவிலை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். மாதாமாதம் சம்பளம் வருகிறது என்று அப்பாவே நிம்மதியாகச் சொல்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் வாசிப்பு அவரோடு நிற்கப்போகிறது.

இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புதிய விதி அறிவித்தது. முதலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். வட்டியையும் உள்ளே சேர்த்ததை வரவேற்கிறேன். நானும் இப்போது “முழுசா வேணாம்மா, வெல எறங்குனா செரமம்” என்று சொல்லிப்பார்க்கிறேன். “வெல எங்க சார் எறங்குது?” என்கிறார்கள். 2025-இல் அவர்கள் சொன்னதுதான் நடந்தது. ஒரு தம்பி என் பேச்சைக் கேட்டுக் குறைத்து வாங்கினார். மீதிப் பணத்துக்கு மனைவியின் தோட்டை எதிர்த்த அடகுக் கடையில் வைத்ததாக அப்புறம் அவரே சொன்னார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியாம்.