இடது கை

மே 4
மத்தளம் அடித்த இடது கையின் விரல்கள் இப்போது அசைவதில்லை. அதற்குத்தான் பிசியோ பயிற்சிக்குப் போய்வந்தேன். வலையிறவுப் பாலத்தில் பஸ் குலுக்க, இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. பக்கத்தில் இருந்த பெண், விழுந்த குடையை எடுத்துக் கொடுப்பதுபோல் எடுத்து மடியில் வைத்தாள்.

மே 5
மருமகன் கட்டாரிலிருந்து வந்துவிட்டான். எல்லாருக்கும் சவர்க்காரம், எனக்கு மட்டும் வீஆர் கண்ணாடி, கண்ணில் மாட்டினால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோல் காட்டுவது. தலை சுற்றியது, கழற்றிவிட்டேன்.

மே 7
இன்று அதன் கொன்ட்ரோலரை, கை அசைவைப் பிடிக்கும் கருவியை, இடது மணிக்கட்டில் பழஞ்சாரத் துணியால் கட்டிவிட்டான். உள்ளே ஒரு நிலைக்கண்ணாடி. அதில் கோட்டும் சூட்டுமாக ஒரு வெள்ளைக்காரன். நான் தோளைத் தூக்க அவனும் தூக்கினான். கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்க்கிறேன், நிறம் பிழை, விரல் பிழை, ஆனாலும் என் கை. படம் ஒருதரம் இழுபட்டு அசைவு பிந்தியபோதுதான் சட்டென்று பிறத்தியானின் கையாகிவிட்டது.

மே 8
நித்திரை இல்லை.

மே 10
மருமகன் சொல்கிறான்: 1998இல் பொட்வினிக், கோஹன் என்ற இருவர் மேசையில் றப்பர் கையை வைத்து, உண்மைக் கையை மறைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவினார்களாம். றப்பர் கைதான் தன் கை என்று பட்டதாம். தடவல் முன்பின்னானால் மயக்கம் குறைகிறதாம்.
"தாளம்தானே" என்றேன்.
"உங்களுக்கு எல்லாமே தாளம்தான் மாமா."

மறுகா இன்னொன்று. 2013இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வு. வெள்ளையர்களை வீஆருக்குள் மேளம் அடிக்கவிட்டார்கள். சாதாரண உடுப்போடு கறுத்த உடம்பு கிடைத்தவர்களின் கைவீச்சு விதவிதமாகக் கூடியது. சூட் போட்ட வெள்ளை உடம்புக்காரருக்கு அப்படி இல்லை. கறுப்பன் என்றால் மேளம் என்று அவர்கள் மனதில் கிடந்ததும் சேர்ந்து அடித்திருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. உடுப்பை நம்புகிறேன். கூத்துக் களரி ஓரத்தில் பீடிக்குக் கை நீட்டி நின்ற பொடியன், ராசா வேசத்துக் கரப்புடுப்பைக் கட்டியதும் யாரை மதித்தான்?

மே 11
சூட்டைக் கழற்றச் சொன்னேன். என் நிறத்தில் பெனியன் போட்ட உடம்பு அகப்பட்டது. கிழவன் உடம்பு இல்லை, எல்லாம் இளந்தாரிகள். அங்கே மத்தளத்தின் இடந்தலையில் அடித்தேன். சத்தம் வந்தது! கண்ணாடியைக் கழற்றினால் விரல்கள் சுருண்டபடியே கிடக்கின்றன. ஆடியதெல்லாம் தோள்.

மே 12
கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வந்தார். சடங்குக் கூத்துக்கு யார் மத்தளம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மே 14
பிசியோப் பிள்ளை இரண்டு கைக்கும் நடுவே முகக்கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அசைக்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் இடது கை விரித்து மடக்கியது. இந்த வித்தையை 1990களில் கையிழந்தவர்களுக்குச் செய்துகாட்டியவர் மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், நம்ம ஆள். வீஆர் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

ஆனால் பெருவிரலடியில் மச்சம். அது என் வலது கை மச்சம். வெள்ளைக்காரனின் கையையே ஏற்ற மனம் இந்த மச்சத்தில் இடறிக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்டர் ஒட்டி மறைக்கலாமா என்று கேட்டேன். "ஒட்டுங்க ஐயா" என்றாள்.

மே 15
ஒட்டினேன். கொஞ்சம் பரவாயில்லை.

மே 16
மருமகன் நாளைக்குப் போகிறான். பெட்டி கட்டும்போது வீஆர் கண்ணாடியை விட்டுப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும். சடங்கு முடியும் வரைக்குமாவது.