அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைகள்

அமெரிக்காவில் நடக்கும் ஏபிசிடி (பதின்வயது மூளை, அறிவு வளர்ச்சி) ஆய்வில் 9, 10 வயதில் சேர்ந்தவர்கள் 11,800க்கும் மேற்பட்ட பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்து, மூளை வளர்வதைப் பின்தொடர்கிறார்கள். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது என்பதால்தான் நலமாக இருக்கும் குழந்தையையும் இப்படித் திரும்பத் திரும்பப் படமெடுக்க முடிகிறது.

பெரிய சிரமம், அசையாமல் படுத்திருப்பதுதான். தலை கொஞ்சம் நகர்ந்தாலே படம் கெட்டுவிடும். அதனால் காந்தம் இல்லாத போலி ஸ்கேனரில் படுக்கவைத்து, நிஜ ஸ்கேனர் போடும் சத்தத்தையும் கேட்கவைத்துப் பழக்குகிறார்கள். அப்புறம்தான் நிஜ ஸ்கேனர். ஊசி போட்டு மயக்காமல், இவ்வளவு பொறுமையாகப் பழக்குவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இத்தகைய ஆய்வுகள் சேர்ந்து காட்டுவது: பதின்வயதில் மூளையின் சாம்பல்நிறப் புறணி (வெளி அடுக்கு) மெலிகிறது, அதுவும் வளர்ச்சிதான். யோசித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதி கடைசியாக, இருபதுகளில்தான் முதிர்கிறது.

ஆனால் இவை எல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு குழந்தையின் ஸ்கேனை வைத்து 'இவன் இவ்வளவு கெட்டிக்காரன்' என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.