இடது கால் வீக்கமும் யாரும் கேட்காத கேள்வியும்

ஊரில் கோயில் கொடை முடிந்து தாராவிக்குத் திரும்பிய மூன்றாம் நாள், இடது கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. ஊன்ற முடியவில்லை. ரயிலில் ஒன்றரை நாள் காலை மடக்கி உட்கார்ந்து வந்ததால் சதைப் பிடிப்பு என்று பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் எண்ணெய் காய்ச்சி உருவிவிட வந்தார். வலி தாங்காமல் வேண்டாம் என்றேன், அது பெரிய புண்ணியம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் தயவுசெய்து உருவாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் பெயர்ந்துபோய் நுரையீரலை அடைக்கலாம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் உடனே டாப்ளர் ஸ்கேன் (ரத்தக்குழாயில் ஓட்டம் எப்படி என்று பார்க்கும் ஸ்கேன்) எழுதினார். சென்டரில் இரண்டு மணி நேரம் காத்திருந்து முறை வந்தால், சீட்டில் 'வலது கால்' என்று இருக்கிறதாம். வீங்கிய காலைக் காட்டியும் கேட்கவில்லை, திருத்தி வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலோடு திரும்பிப் போனதில் ஒரு நாள் வீண். சீட்டு கைக்கு வந்ததும் எந்தக் கால் என்று படித்துப் பாருங்கள்.

மறுநாள் ஸ்கேனில் தொடைவரை ஆழ்சிரையில், அதாவது சதைக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில், ரத்தக்கட்டி. அட்மிஷன், ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி, கூடவே அதே வேலைக்கு வார்ஃபரின் மாத்திரை.

முப்பத்து நாலு வயதில் ஏன் வந்தது? பரம்பரையோ என்று வார்டு டாக்டர் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் டெஸ்ட் எழுதினார். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்கள் இவை. ஆயிரக்கணக்கில் கட்டினோம். இரண்டும் குறைவு என்று வந்தது. பிள்ளைகளுக்கும் இருக்குமோ என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ரத்தநோய் நிபுணர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "வார்ஃபரின் போடும்போது இது ரெண்டும் குறைவாத்தான் காட்டும். மருந்தை நிறுத்தினப்புறம்தான் எடுக்கணும்" என்றார். ரத்தம் எடுக்குமுன் ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

அவர்தான் கேட்டார்: "ஹார்மோன் மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?" கொடைக்காக வீட்டுவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பத்து நாள் போட்டிருந்தேன். அதுவரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த மாத்திரையால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடலாம், அசையாமல் உட்கார்ந்தால் காலில் ஓட்டம் மந்தமாகும், இரண்டும் சேர்ந்திருக்கும் என்றார். மாவுக்கட்டு, ஆபரேஷன், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம், புற்றுநோய் இவற்றிலும் இந்த ஆபத்து உண்டாம். டாக்டர் கேட்காவிட்டாலும் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மருந்து நிறுத்தி ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்த டெஸ்டில் இரண்டும் சரியாக இருந்தன. அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டேன். அடுத்த கொடைக்கு அவளும் அதே மாத்திரையை வாங்கி வைத்திருந்தாள்.