இன்று வீட்டில் சுழல்வது

காலையிலிருந்து வீட்டில் எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம்தான். 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. இசைத்தட்டு. யூடியூபில் இல்லாததா என்று வீட்டில் கேட்கிறார்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே நடுவில் ஒருவர் வந்து பற்பசை விற்பார்; இங்கே வந்தால் ஒரு கீறல் சத்தம்தான்.

அடுத்து நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933-இல் மறைந்தவரின் குரல் என் சமையலறை வரைக்கும் கணீரென்று எட்டுகிறது. அவர் பாட்டுகள் இருப்பவை அரக்கு கலந்து செய்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். சுற்றி வளைக்க நேரம் ஏது? எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கிறார் மனிதர். இவற்றின் மேல் எல்.பி. ஊசியை வைக்காதீர்கள். 78 தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது. மெல்லிய ஊசி அடியில் படிந்த தூசியை உழுதுகொண்டு போகும், பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். தனி ஊசி வாங்குங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

வாங்கும்போதும் ஒன்று. ‘அரிய தட்டு’ என்று யானை விலை, குதிரை விலை சொல்பவர்களிடம் முதலில் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். உறையின் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம்.

மதியத்துக்குக் காருகுறிச்சியாரின் நாகஸ்வரம் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டார் பொறுத்தருள்க. உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது?