அவர் கேட்டார், திறந்து விட்டேன்

நான் வேலை பார்க்கும் வங்கியில், அடைத்து வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கை அவர் கேட்ட அன்றைக்கே திறந்து விட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். விதிப்படி நான் செய்தது சரிதான்.

முதலில் அடைக்கச் சொன்னதும் அவரேதான். 2024-இல் மனைவியோடு வந்து, யுபிஐ வேண்டாம், கார்டில் ஆன்லைன் செலவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆன்லைன் ரம்மி. ஸ்டேட்மென்டில் ராத்திரி முழுக்க ஐநூறு, ஐநூறு, ஆயிரம்; நடுவில் முந்நூறு வரவு, உடனே மறுபடி ஐநூறு. அந்த வரவைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. ஜெயித்தாலும் எழுந்து போக முடியவில்லை அவரால். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இந்தச் சூதாட்ட அடிமைத்தனம் இருக்கிறது, திட்டினால் போகாது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "இனிமே பணம் போகாதுல்ல சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அப்புறம் ஒரு மதியம் அவர் தனியாக வந்தார்.

"எல்லாத்தையும் திறந்து விடுங்க சார்."

"வீட்ல தெரியுமா?"

"கணக்கு என் பேர்லதானே சார் இருக்கு?"

வீட்டில் தெரியுமா என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் இன்றைக்கு வந்தாலும் கேட்பேன். மனைவிக்கு போன் செய்ய முடியாது. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்தேன். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம் என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடம்தான் உறுத்துகிறது. சிங்கப்பூர் கேசினோக்களில் ஒருவர் தன்னை விலக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், ஒரு வருடமாவது போகாமல் அதை நீக்கக் கேட்க முடியாது. அவரை விலக்கச் சொல்லிக் குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் பல வங்கிகள் சூதாட்டத் தடையை எடுக்க இரண்டு, மூன்று நாள் காக்க வைக்கின்றன. ஆசை தணிய அந்த அவகாசம் போதும் பலருக்கு. எங்கள் கவுன்டரில் அப்படி எதுவும் இல்லை.

ஆனால் நானாகக் காக்க வைத்திருந்தால்? குடிக்கிறவருக்குப் பணம் தரமாட்டேன் என்று சொல்கிறோமா? அவர் சம்பாதித்த காசு. இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். உடனே அந்த அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்ய மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. "இனிமே நமக்கு இந்தத் தலைவலி இல்ல" என்றார் சக ஊழியர். எனக்கு நம்பிக்கையில்லை. வெளிநாட்டு ஆப்கள் யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்குப் பணம் போடச் சொல்கின்றன. ஸ்டேட்மென்டில் அது ஒரு ஆள் பெயராகத்தான் தெரியும்.

இப்போது அடைக்கச் சொல்லி வருகிறவர்களிடம், திரும்பத் திறக்கக் கேட்டால் யாருக்குச் சொல்லட்டும் என்று கேட்டு, சம்மதத்தை எழுதி வாங்கி வைக்கிறேன். அந்தச் சம்மதத்தையும் அவர்கள் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். தெரிந்துதான் வாங்குகிறேன்.